நல்ல கால்

ஏறும்போது நல்ல காலை முன்னுக்கு வையுங்கோ,
இறங்கும்போது வருத்தக் காலை, என்றாள்
பிசியோ மிஸ் றொசாந்தி.
எது மிஸ் என்ர நல்ல கால்?
ஃபைலைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.
இரண்டையும் ஒரே காலையில் வெட்டியவளுக்கு
அந்தச் சட்டம் இல்லை.

உள்பக்கம்தான் தேய்ந்தது,
வெளிப்பக்கம் உங்கடயாகவே இருக்கட்டும் என்றார் டொக்டர்.
ஆக, முழங்கால் ஒவ்வொன்றிலும்
பாதி உலோகம், பாதி இமெல்டா.

ஒன்பது வருடம் முகமாலை மணலில் முழந்தாளிட்டேன்.
ஒரு முழம் நிலம், ஒரு தூரிகை, ஒரு கத்தரி,
முகமூடிக்குள் என் மூச்சின் ஆவி.
எழும்பு என்று விசில் ஊதும்வரை எழும்பக்கூடாது.
அப்போது நொந்ததாக ஞாபகமில்லை.
பயத்துக்கு முழங்கால் கிடையாது.

முதல் ஆறு கிழமை:
சாய்ந்து நிற்க ஒரு காலும் இல்லை.
பிளாஸ்டிக் கதிரையின் நடுவை அறுத்துக்
கக்கூசில் வைத்தான் மச்சான் யூட்.
தண்ணீர் வார்க்க விசுவமடுச் சந்தியிலிருந்து
சைக்கிளில் வருவாள் ரெக்சி.
ஐஸ் கட்டிக்கு அயல்வீட்டுக் கடை.
காசு வேண்டாம் என்பார்கள். கொப்பியில் எழுதுவார்கள்.

எட்டாம் மாதம் சேமலாபப் படிவத்துக்காக முகாமுக்குப் போனேன்.
தயாநிதி பகிடிக்கு மெசினை என் இடதில் நீட்டினாள்.
கத்தியது.
வலதிலும்.
கூடாரம் ஒரு கணம் அசையவில்லை.
பிறகு யாரோ, சிவப்புத் தடி நடுங்கோடி என்றார்கள்,
நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கிளினிக்கில் பன்னிரண்டு கேள்வித் தாள்.
முழங்காலில் நின்று திரும்ப எழும்ப முடிகிறதா?
ஞாயிறு பூசையில்
அரிசிச் சாக்கை நாலாய் மடித்துப் போட்டு
ஒருக்கால் நின்று பார்த்தேன்.
சரளைக்கல்லில் நின்றதுபோல.
தையலுக்கு வெளியே தோல் மரத்துக் கிடக்கிறது,
தொட்டால் வேறொருத்தியின் கால்.
நித்திரை? பரவாயில்லை.
சந்தைக்கு நடை? போகலாம், பையைக் கேட்கக்கூடாது.
முழங்காலுக்கு மட்டும்
'சிரமம்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
முடியாது என்று போட மனம் வரவில்லை.

றொசாந்தி அளந்தாள்.
இடது நூற்றி இருபத்தினாலு பாகை.
வலது நூற்றிப் பத்து.
அன்ரி, இப்ப உங்களுக்கு ஒரு நல்ல கால் கிடைச்சிருக்கு!

வீட்டுத்திட்ட வீடு.
வாசலில் ஒரே ஒரு படி.
இடதை வைக்கிறேன்.
வலது பின்னால் வருகிறது,
கொஞ்சம் கோபமாய்.