அழைக்கப் போனவன்

(ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா, 1906)

எனக்குத் துப்பாக்கி தரவில்லை.
வெள்ளைத் துணி கட்டிய ஒரு கம்பு,
அரை மூட்டை அரிசி,
போதகர் ப்ரூன்ஸ் கைப்பட எழுதிய தாள்.
"உன் குரலுக்கு வருவார்கள், எலியேசர்."
ஞானஸ்நானத்துக்கு முன் என் பெயர் கஹூரே.
அதைச் சொல்லித்தான்
காட்டைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒமாஹெகே மணலில்
கிணறுகளுக்குக் காவல் போட்டிருந்தார்கள்.
மாடில்லாத எங்கள் சனத்தை
அதுவரை நான் கண்டதில்லை.
மயிலை, செவலை, காரி, புள்ளி விழுந்த வெள்ளை என
நிறத்துக்கொரு பெயர் வைத்திருந்த நாக்குகள்
காட்டுக் கிழங்கின் சாற்றை நக்கிக் கிடந்தன.

நாலாம் நாள், முள்மரத்தடியில் உவாசுவரா.
இடுப்பில் பிள்ளை. அது அழவில்லை;
அழத் தண்ணீர் வேண்டும்.
தாளைக் காட்டினேன்.
"உன் கடவுள் எழுதியதா, கவர்னர் எழுதியதா?"
போதகர் எழுதியது.
"அவர் யாருடைய ஆள்?"
அரிசியை அளந்து கொட்டினேன்.
அதுதான் என் பதில்.

எங்கள் பேச்சில் சமாதானத்துக்கு
ஒஹாங்கே என்று பெயர்.
போதகரின் அகராதிக்கு
அதைத் தேடிக் கொடுத்தவன் நான்.
புதரைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.
புதர் எழுந்து நின்றது.
எழுபத்தொரு பேர்.
அதில் ஒருவனுக்கு ஒற்றைச் செருப்பு.

மிஷன் முற்றத்தில் ஜெபம், கஞ்சி.
மூன்று இரவு தூங்கினார்கள்.
பிறகு சிப்பாய்கள் வந்தார்கள்,
பெயர்ப் பட்டியலோடு.
பட்டியல் என் கையெழுத்து.
கழுத்துக்கொரு தகரத் துண்டு, துண்டுக்கொரு எண்.
தண்டவாளம் போட இத்தனை உருப்படி,
துறைமுகத்துக்கு இத்தனை.
எனக்கும் ஒரு தகரம் உண்டு.
சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னார் போதகர்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
பாதைவரை அவர்களோடு நடந்தார்.
அழுதார்.
அது பொய்யழுகை இல்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

உவாசுவரா என்னைத் திட்டவில்லை.
பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு
"அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

ஆலய மணி இன்னும் கப்பலில் வரவில்லை.
ஞாயிறுதோறும்
தொங்கும் தண்டவாளத் துண்டை நான்தான் அடிக்கிறேன்.
உபதேசியார் என்கிறார்கள்.
ஆசீர்வாத ஜெபத்தில்
அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில்
நிறுத்தி, இருமுகிறேன்.
சபை காத்திருக்கும்.
பழகிவிட்டது அவர்களுக்கு.
சிலர் இப்போது
என்னோடு சேர்ந்து இருமுகிறார்கள்.