நான்தான் மோட்டார்

பினாங்கிலிருந்து வந்த கேசட்டில்
இரண்டாவது பாட்டு முடிந்ததும்
ஒரு பெண் மலாயில் எண்கள் படிப்பாள்.
ரப்பர் விலை என்றார் அடைக்கலம் அண்ணன்.
அழித்துப் பதிந்தவன் சரியாக அழிக்கவில்லை.
எங்களுக்கு அதுவும் பாட்டில் சேர்த்தி.

புதுவயல். எண்பத்திரண்டு, தை முகூர்த்தம்.
கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த
மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்:
"கண்ணாடி உருண்டை இல்லாம என்ன டிஸ்கோ?"

பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட பூகோள உருண்டை.
வளவில் விழுந்து நொறுங்கிய பெல்ஜியம் கண்ணாடி.
"மைதாப் பசை நிக்காது, வச்சிரம் காய்ச்சு"
என்று சொல்லிவிட்டு அண்ணன் தூங்கப் போனார்.
நியூயார்க்கை மூடினேன். லாகோஸை மூடினேன்.
ஜெர்மனிக்கு மூக்குத்திக் கல் அளவு போதும்.
அங்கேதான் இந்தத் தாளத்துக்கு
மிஷின் பூட்டினார்களாம்,
அன்றைக்கு எனக்கென்ன தெரியும்?
விரல் கிழியாமல் இத்தாலியை ஒட்டுவதே
பெரும்பாடாக இருந்தது.

சுற்றுவதற்கு மோட்டார் இல்லை.
பந்தல் குறுக்குக் கழியில் கயிறு,
ஏணியில் நான்.

வெளிச்சப் பொட்டுகள் ஓடின
சம்பந்தியின் வழுக்கையில்,
சமையல்காரர் நறுக்கிய கத்தரிக்காயில்,
யாரும் பார்க்காத மூலையில்
சீட்டாடியவர்களின் துருப்புச் சீட்டில்.

பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று.
பாடகி குரல் தடித்து, ஆண்குரலாகி,
கிணற்றுக்குள் இறங்கிச் செத்தது.

அப்புறம்தான் கேட்டது
மதிலுக்கு அந்தப் பக்கம்
அரிசி ஆலையின் டீசல் என்ஜின்:
டொப். டொப். டொப். டொப்.
அதே நாலு.
அதே வேகம் என்று சத்தியம் செய்வேன்.

முதலில் ஆடியவள் பஞ்சவர்ணம்.
ஆலையில் தவிடு சலிப்பவள்,
பந்திக்கு வந்தவள், தலையெல்லாம் உமி.
தினம் பதினோரு மணி நேரம் கேட்ட தாளம்.
எங்கே தோளை இறக்க வேண்டும் என்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.
கோலாலம்பூர்ப் பையன்கள்
அவள் காலைப் பார்த்துக் கால் வைத்தார்கள்.
யாரோ பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடிக்க
நான் உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்,
கை மரத்துப் போகும் வரை.

போன வாரம்
காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில்
செல்போன் கடை ஸ்பீக்கரில் அதே நாலு.
வயலின்கள் இல்லை. பாடகியும் இல்லை.
தாளம் மட்டும் வேலைக்கு வந்திருந்தது.

நடுவே ரப்பர் விலை வருமோ என்று நின்றேன்.
தேவகோட்டை பஸ் போய்விட்டது.