மட்டம்

செவ்வாய் மாலைக்குள் வேண்டும் என்றாள் ஷெரில்.
ஒரே ஒரு பக்கம்தான்.
மேலே ஒரு பெட்டி, அதன்கீழ் மூன்று, அதன்கீழ் பதினொன்று.
அடியில் பெட்டியே இல்லாமல் ஒரு நீளக் கோடு,
கோட்டுக்குக் கீழே ஒற்றைச் சொல்: மற்றவர்கள்.
சொல்லுக்கு இருபது காசு.

புக்கிட் பாத்தோக்கில் பதினான்காம் மாடி.
விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்கக்
கோப்பிக் குவளையை இயக்குநர்மேல் வைத்தேன்.
எடுத்தபோது அவர் தலையைச் சுற்றி
ஒளிவட்டம்போல் ஒரு கறை.

இயக்குநர் எளிது. மேலாளர் எளிது.
உச்சிக்குப் போகப்போகத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை.
தலைமை, முதன்மை, முதுநிலை, உயர்நிலை
எல்லாம் விழா மண்டபத்து முன்வரிசை நாற்காலிகள்,
உறை மாட்டி, ரிப்பன் கட்டி,
யாரோ வரப்போவதாகவே நிற்கின்றன.

இறங்கும்போதுதான் கால் இடறியது.
இளநிலை என்று எழுதினேன்.
பெட்டிக்குள் இருந்த படத்தில் நரைத்த மீசை.
கடைநிலை என்று எழுதி, எழுந்து போய்,
குப்பைக் குழாயில் பையைப் போட்டுவிட்டு வந்து அடித்தேன்.
துணை என்றால் மனைவி வருகிறாள்,
கல்யாணப் பத்திரிகைத் தலைப்பில் முருகன் வருகிறார்.
சார்நிலை என்றால்
எல்லாரும் எதன்மீதோ சாய்ந்து நிற்பதுபோல் இருக்கிறது.
கூப்பிடாமலே கங்காணி வந்து
கோட்டும் குடையுமாய் வாசலில் நின்றது.
இரும்புக் கதவை நான் திறக்கவில்லை.

படி என்று பார்த்தேன்.
ஏறுகிற படி, அரிசி அளக்கிற படி,
சம்பளத்தோடு ஒட்டிவரும் படி,
சொன்னபடி கேள் என்கிற படி.
கடைசிப் படியில்தான் அதிகம் பேர் நிற்பார்கள் என்று பட்டது.

மட்டம்.
ஒரு காலத்தில் வெறும் அளவு. சமம்.
பிறகு எப்படியோ வழுக்கி விழுந்து
மட்டமான ஆள், மட்டமான சாப்பாடு.
பள்ளிக்குப் போடுகிற மட்டமும் நினைவுக்கு வந்தது,
இரண்டு முறை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.
அடித்தேன்.
நிலை ஒன்று, நிலை இரண்டு, நிலை மூன்று
என்று போட்டு அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

அடுத்த வாரம் துவாஸ்.
பலகை மாட்டும்போது எழுத்துப்பிழை பார்க்க அழைத்திருந்தார்கள்.
வருகையாளர் தொப்பி காதுவரை இறங்கியது.
தொப்பியின் நிறத்தைப் பார்த்தே
யார் யாரை எப்படிக் கூப்பிடலாம் என்று எல்லாருக்கும் தெரிந்தது.
மேல்நோக்கிப் போனால் பாஸ்,
பக்கவாட்டில் அண்ணே,
கீழ்நோக்கி, காற்று பலமாக இருந்தால், டேய்.
நான் மேடம்.
என் நிலைகளை யாரும் தொடவில்லை.
தள மேலாளர் கோவுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் தம்பி.
அவருக்குப் பத்து வயது மூத்த மாயழகுவும் தம்பி.

மாயழகு ஏணியில் ஏறி
பின்பையிலிருந்து ரசமட்டத்தை உருவி
பலகையின் தலையில் வைத்தார்.
பச்சைத் திரவத்தில் குமிழி ஒருபக்கமாய் ஓடியது.
"இயக்குநர் பக்கம் இறக்கு."
இறக்கினார்கள்.
"இன்னும்."
இன்னும் கொஞ்சம்.
குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றதும்
"இப்ப மட்டம்" என்றார்,
நல்ல மீனைத் தூக்கிக் காட்டுகிறவர்போல்.

இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"கீழ என்ன மேடம் எழுதியிருக்கு?"
கடைசி வரியை ஒரு சிமெண்டு மூட்டை மறைத்திருந்தது.
"மற்றவர்கள்."
"நாங்களா?"
ஆமாம் என்றேன்.
மூட்டையைக் காலால் நகர்த்திப் பார்த்தார்.
"பரவாயில்ல. கோணாம இருக்கு."

வீட்டுக்கு வந்து கணக்கு எழுதினேன்.
நாற்பத்தொரு சொல், எட்டு வெள்ளி இருபது காசு.
அந்த ஒரு சொல்லுக்குக் காசு வாங்குவதா என்று
யோசித்துக்கொண்டே இருக்கிறேன்,
ஷெரில் இரண்டு முறை நினைவூட்டிவிட்டாள்.