வெய்க்கோவின் கோட்டுப்பை

தாம்பெரே. ஏரி உறைந்து மூன்று வாரம்.
எங்கள் துறையின் அடித்தளத்தில் ஒரு சவுனா,
கதவு இரண்டு, உள்ளே பலகை ஒன்று.
விதி எளியது: உன் கதவில் உன் வில்லையை மாட்டு.
பிறகு எதிர்க்கதவைப் பார்.
அங்கே வில்லை இல்லையென்றால் நுழை.

ஹில்க்கா வில்லையைக் கொடுத்தாள். எதிர்க்கதவு வெறுமை.
இல்மரி கொடுத்தான். எதிர்க்கதவு வெறுமை.
துண்டும் கையுமாக
ஆவிக்குள் முட்டிக்கொண்டார்கள்.

யாராவது ஒருவர் முந்தியிருக்க வேண்டுமே,
முந்தியவர் வில்லை பிந்தியவர் கண்ணில் பட்டிருக்க வேண்டுமே?
கரும்பலகையில் எப்படி மாற்றி எழுதினாலும்
இரண்டு சுழியம் சேர்ந்து வராது.
வந்தது.

காவலாளி வெய்க்கோவைக் கேட்டோம்.
ஹில்க்காவுடையது இடப்பையில், இல்மரியுடையது வலப்பையில்;
சிகரெட் முடிந்ததும் மாட்டுவாராம்.
பொய் இல்லை.
கொடுத்தவருக்கு அது மாட்டியாகிவிட்டது,
மற்றவருக்கு இன்னும் இல்லை.
அந்த இடைவெளிக்கு அவர் பெயர் வைக்கவில்லை.
நாங்கள் வைத்தோம், சம்பளம் வாங்கிக்கொண்டு.

வேலி போடலாம் என்றாள் ஹில்க்கா:
பை காலியாகும் வரை
கொடுத்தவர் வாசலிலேயே நிற்கட்டும்.
வாசலில் மைனஸ் இருபத்து மூன்று.
பயிரை மேயாத வேலிதான்,
நேரத்தை மேய்ந்துவிடும்.

ஏப்ரல் முழுக்க ஒரே கேள்வி.
எந்த விதியை எழுதிக் கொடுத்தாலும்
முட்டுவார்களா மாட்டார்களா என்று
சொல்லிவிடும் எந்திரம் ஒன்று உண்டா?

போட்ட வரிசையிலேயே பையிலிருந்து எடுத்தால்
உண்டு.
அது வாய் திறப்பதற்குள்
இந்த ஏரி எத்தனை முறை உறைந்து உருகும் என்று எழுத
இந்த ஊர்க் காகிதம் போதாது.

கதவுக்குக் கதவு சேதி வேறு வேகத்தில் போய்
ஆளுக்கொரு நேற்றை
அவரவர் வைத்துக்கொண்டால்
இல்லை.

தேடிக் கிடைக்காத இல்லை அல்ல.
கெட்டிக்காரி ஒருத்தி பிறந்து வந்து
தீர்த்துவைக்கும் இல்லையும் அல்ல.
பதினேழு பக்கம், இரண்டு துணைத்தேற்றம்,
அடியில் சின்னச் சதுரம் போட்டு முடித்த
இல்லை.

இல்மரி சுண்ணக்கட்டியை வைத்தான்.
'இதற்குச் சந்தோஷப்படலாமா?' என்றான்.
ஹில்க்கா ஏற்கெனவே துண்டை எடுத்திருந்தாள்.

அன்றைக்கு இருவரும் வில்லை கொடுக்கவில்லை.
ஒரே கதவால் போனார்கள்.

வெய்க்கோ பைக்குள் கைவிட்டார்.
விரலில் ஏதோ தட்டியது.
யாருடையது, என்றைக்குக் கொடுத்தது,
யோசிக்கிற ஆள் இல்லை அவர்.
மாட்டினார்.

நான் வந்தேன், பார்த்தேன்,
உள்ளே ஆள் இருக்கிறது என்று திரும்பிவிட்டேன்.

அது பிப்ரவரி மாத வில்லை.