எட்டு மில்லிமீட்டர் பச்சை

வரைபடத்தில் நொட்சுகே
யாரோ பாதியில் விட்டுப்போன தூண்டில் முள்.
நேரில் அதுவும் இல்லை:
ஒரு சாலை, சாலைக்கு இருபுறமும் பனி,
பனிக்கு இருபுறமும் உறைந்த கடல்.
சிப்பி ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
விரலிடுக்கின் வாடை போகாமலே
இங்கே வந்து குப்புறப் படுத்துக்கொள்வேன்.

மான்கள் என்னைப் பொருட்படுத்துவதில்லை.
தொல்லை தருவதெல்லாம் மற்றவைதான்:
மின்கம்பம், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை,
ஆரஞ்சு மிதவைகள் குவிந்த ஷெட்,
ஹதகேயாமாவின் வெள்ளைக் குட்டி லாரி.
ஒரு நல்ல கலைமான் தலை தூக்கினால் போதும்,
எல்லாம் எழுந்துவந்து அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும்,
கல்யாண போட்டோவில் இடம் பிடிக்கிற சித்தப்பாக்கள் மாதிரி.

இரண்டடி இடப்பக்கம் ஊர்ந்தால்
கம்பம் காதிலிருந்து கழுத்துக்கு இறங்கும்.
இன்னும் ஓரடி, கழுத்துக்குள் ஒளியும்.
அப்போது பார்த்து மான் நகரும்.
பதினொரு குளிர்காலத்தில் கற்றது இவ்வளவுதான்:
தாழப் படு.
துளையை முழுதாகத் திற.
உலகம் கஞ்சியாகக் குழைந்துவிடும்,
இமைமயிர் மட்டும் நிற்கும்.

நிறம்தான் தீராத வழக்கு.
விடியலில் பனி நீலம்; காமிரா அப்படித்தான் எழுதிக்கொள்கிறது.
கண் வெள்ளை என்கிறது,
கண்ணுக்குப் பொய் சொல்லிப் பழக்கம்.
பனியை வெளுத்தால்
மான் துருப்பிடித்த தகரம்.
மானை மானாக்கினால்
பனி மறுபடி ஆலைக் கையுறையின் நீலம்.
ஆறாயிரத்து ஐநூறு கெல்வின், ஏழாயிரம்,
குழம்புக்கு உப்புப் பார்ப்பது போல
ஒரு சிட்டிகை கூட்டி, ஒரு சிட்டிகை குறைத்து,
கடைசியில் மீன்பெட்டியின் சாம்பல் மூடியைத் தூக்கிவந்து
பனிமேல் வைத்தேன், சாட்சிக்கு.
சாம்பல் யார் பக்கமும் சாயாது.

பிப்ரவரி பதினேழு. மைனஸ் பதினெட்டு.
எல்லாம் கூடிவந்தது.
கம்பம் இல்லை, பலகை இல்லை, லாரி கிளம்பிவிட்டது.
பின்னால் கடல்பனி, அதற்கும் பின்னால் குனாஷிரித் தீவு,
நாங்கள் பார்க்கலாம், போகமுடியாது;
அதையும் ஒரு மடிப்பாகக் கரைத்துவிட்டேன்.
அவன் வந்தான்.
மூச்சு முன்னால், அவன் பின்னால்.
வலக்கொம்பில் பச்சை வலைக்கயிறு,
மூன்று சுற்று,
மிச்சம் தாடைக்குக் கீழே ஆடிக்கொண்டு,
யாரோ மணி கட்ட மறந்த மாதிரி.

இத்தனை நாள் பின்னால் நின்றதுதான்.
ஒதுங்கு என்றேன், ஒதுங்கியது.
மங்கு என்றேன், மங்கியது.
இன்று அது கண்ணுக்கு அருகில்,
என் ஃபோகஸ் விழுந்த இடத்திலேயே,
இழை இழையாக.

அவன் சாலைப்பக்கம் திரும்பினான்.
நானும் திரும்பினேன்.
துளையைச் சுருக்கினேன். எட்டு. பதினொன்று.
விரல் விறைத்திருந்தது. பதினாறு.
கஞ்சி பருக்கை பருக்கையாகப் பிரிந்தது:
ஷெட், மிதவை, சுருட்டிப்போட்ட வலை,
கம்பம்கூட வந்துவிட்டது,
நேராக அவன் காதிலிருந்து முளைத்து.
அழுத்தினேன்.

ஹதகேயாமா படத்தைப் பார்த்தார்.
"கயிற்றை அழித்துவிடலாமே,
என் மகள் இரண்டு நிமிடத்தில் செய்வாள்."
பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
படத்தை மூக்கருகே கொண்டுபோனார்.
"இது என் கயிறு."

மே மாதம், பனி சேறானபின்,
உதிர்ந்த கொம்பு ஒன்றைத் தோளில் போட்டுவந்தார்.
கயிறு அதிலேயே இருந்தது.
கொம்பு எனக்கு, கயிறு அவருக்கு என்று பேச்சு.
முடிச்சு இளகவில்லை.
சமையலறையில் டியூப்லைட்டுக்குக் கீழே
இருவரும் நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தோம்.
"எட்டு மில்லிமீட்டர்," என்றார், "நல்ல கயிறு.
இப்போது இந்த விலைக்குக் கிடைக்காது."

சுவரில் படம்.
படத்தில் கயிறு பாசிப் பச்சை.
மேசையில் ஏறக்குறைய நீலம்.
எது சரி என்று அவரிடம் கேட்டேன்.
ஜன்னலைத் திறந்து
கொம்போடு சேர்த்து வெளியே நீட்டினார்,
வானத்தைப் பார்த்தார்.
"மேகம் போகட்டும்."