ஏழாம் நம்பருக்கு அறுபத்து மூன்று சீட்டு

ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால்
யார் என்று கேட்க மாட்டேன்.
எந்த பிரஸ் என்றுதான் கேட்பேன்.
பதினோரு வருஷம்.
திருநகரிலிருந்து கப்பலூருக்கு
தூக்கத்திலேயே வழி தெரியும் என் வண்டிக்கு.
அழகர் ஆற்றில் இறங்கிய ஒரு காலையில்
நான் ஆயில் தொட்டிக்குள் இறங்கியிருந்தேன்.

நின்ற மிஷினைச் சுற்றி நாலு பேர்,
நடுவில் நான்,
வாயில் டார்ச், கையில் ஸ்பானர்.
"வந்துட்டாருய்யா" என்று ஒருத்தர் சொல்வார்.
அதைக் கேட்கத்தான் அத்தனை தூரம் வந்தேனோ,
இப்போது சந்தேகமாக இருக்கிறது.

புது மேனேஜர் ஒரு போர்டு மாட்டினார்:
ஓட்டுகிறவரே துடைக்க வேண்டும்,
துடைக்கிறவர் பார்க்க வேண்டும்,
பார்த்ததை எழுதிக் கட்ட வேண்டும்.
தாங்களே சரிசெய்ய முடிந்ததற்கு வெள்ளைச் சீட்டு.
முடியாததற்குச் சிவப்பு. அது எனக்கு.
சிரித்தேன்.
துடைத்தால் ஓடுமா மிஷின்,
துடைத்தால் ஓடுவது கரப்பான்தான் என்றேன்.

செக்கானூரணி பஸ்ஸில் வரும் ஒச்சம்மாள்,
எலெக்ட்ரீஷியன் முத்திருளன்,
குவாலிட்டி சிக்கந்தர்,
ஸ்டோர்ஸ் ஆரோக்கியசெல்வி,
கடைசியில் கைகட்டி நான்.
வேட்டிக் கிழிசல், டீசல், பல் தேய்க்கும் பிரஷ்.
ரப்பர் கரியும் ஆயிலும் சேர்ந்து
தோலாகவே ஆகிப்போன அழுக்கு.
மூன்று மணி நேரம் சுரண்டிய பிறகு
ஏழாம் நம்பரின் நிறம் பச்சை என்று தெரிந்தது.
எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் எண்ணினோம்.
நாற்பத்தொன்று வெள்ளை, இருபத்திரண்டு சிவப்பு.
பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டிய
கோயில் மரம் மாதிரி நின்றது பிரஸ்.

இருபத்திரண்டாவது சிவப்பு,
பின்பக்கம், பெரிய கை நுழையாத சந்தில்.
ஒச்சம்மாளின் கை நுழைந்தது.
"குழாய் மூட்டுல துணி சுத்தியிருக்கு, யாரு கட்டுனது?"
யார் கட்டினாலும் முடிச்சு காட்டிக் கொடுத்துவிடும்.
ரெட்டைச் சுற்று, இடப்பக்கம் இழுத்த வால்.
சீல் இல்லை, ஒரு வாரத்துக்கு இருக்கட்டும் என்று
நான் கட்டி ரெண்டு வருஷம்.
அந்த மூட்டு கசிந்துதான் அழுத்தம் இறங்கும்.
அழுத்தம் இறங்கித்தான் ராத்திரி போன் வரும்.
ஆயில் ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துவிட்டு,
"வந்துட்டாருய்யா"வை வாங்கிக்கொண்டு வருவேன்.

என் முடிச்சின் மேல் தன் முடிச்சைப் போட்டாள் அவள்.
"காரணம்னு என்ன எழுத?" சிக்கந்தர் கேட்டான்.
என் பேரைச் சொன்னேன்.
அவன் எழுதியது: சீல் ஸ்டாக் இல்லை.
ஆரோக்கியசெல்வி சீட்டைப் படித்துவிட்டு
யாரையும் பார்க்காமல் சொன்னாள்,
"கேட்டிருந்தா வாங்கியிருப்பேனே."

சீல் நான்கு நாளில் வந்தது.
நூற்றெண்பது ரூபாய்.

இப்போது ராத்திரி போன் வருவதில்லை.
முதல் வாரம் இரண்டு மணிக்கு எழுந்து
சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்.
சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன்.
"என்ன, யாரையாச்சும் எதிர்பாக்குறீகளா?" என்றாள் மனைவி.
சொல்லத் தெரியவில்லை.

நேற்றுக் காலை ஷிப்ட் மாறும்போது ஒச்சம்மாள் சொன்னாள்:
"மூணு மணி வாக்குல ஏழாம் நம்பர் லேசா முனகுச்சு.
கீழ் பிளேட்டுல ஒரு போல்ட்டு லூசு.
நிறுத்தி, பூட்டுப் போட்டு, முடுக்கிட்டோம்.
ஒங்க பதினேழாம் நம்பர் ஸ்பானரத்தான் எடுத்தோம்,
இருந்த எடத்துலயே வச்சாச்சு."

போய்ப் பார்த்தேன்.
போர்டில் நான் வரைந்த கோட்டுக்குள்தான் தொங்கியது,
தலைகீழாக.
திருப்பி மாட்டக் கை போனது.
பிறகு, டீக்கு மணி அடித்தது.