கார்டில் இருந்த பெயர்

கார்டில் இருந்த பெயர் சுலோஜினி.
கார்டில் படம் இல்லை.
எங்களுக்குக் கிடைத்த முதலாவது புலமைப்பரிசில் அதுதான்.

மட்டக்குளியில் எங்கள் பள்ளிக்கூடத்திலும்
இரசாயனவியல் ஆய்வுகூடம் இருந்தது.
பூட்டும் இருந்தது.
டீச்சர் இடமாற்றத்தில் போய் இரண்டு வருடம்,
சாவி அவவோடு போனதா, அதிபரின் லாச்சியிலா
என்று யாருக்கும் நிச்சயமில்லை.
ஜன்னலால் எட்டிப் பார்ப்போம்.
பியூரெட்டுக்குள் ஒரு சிலந்தி
எங்களுக்கு முன்னரே செய்முறையைத் தொடங்கியிருந்தது.

வெள்ளவத்தை வகுப்புக்கு மாதம் மூவாயிரம்.
நாலாகப் பிரித்தால் எழுநூற்றைம்பது.
அந்த எழுநூற்றைம்பதுக்காக
ரிஸ்னாவின் உம்மா விடியற்காலை
நாற்பது இடியப்பம் கூட அவித்தார்.
பெட்டியின் அண்ணன்
துறைமுகத்தில் ஓர் இரவு மேலதிகமாக நின்றான்.
நான் தம்பியின் சைக்கிளை விற்றேன்
(இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்).
சுலோ எப்படிக் கொண்டுவந்தாள் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

வாரம் ஒருத்தி.
நூற்று ஐம்பத்தைந்தில் ஏறி
புத்தகப் பையை மடியில் வைத்து
நகரம் முழுவதையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும்.
முந்நூறு பேர் மண்டபம்.
சேர் மைக்கில் பேசுவார்,
முகம் பார்க்க நேரமில்லை.
வாசலில் ஒரு பெடியன் கார்டை வாங்கிப் பெயர் வாசிப்பான்.
"சுலோஜினி?"
"ஓம்."
ஸ்காஃப் போட்ட சுலோஜினி.
கழுத்தில் சிலுவை தொங்கும் சுலோஜினி.
உயரமான சுலோஜினி, அடுத்த கிழமை கட்டையான சுலோஜினி.
ஒருநாள் அவன் நிமிர்ந்து பார்த்தான்,
கொஞ்ச நேரம் பார்த்தான்,
பிறகு முத்திரையைக் குத்தினான்.
அவன் எந்தத் தோட்டத்துப் பிள்ளையோ.

தோட்டம் என்பது சும்மா பேருக்கு.
எங்கள் இருநூறு வீட்டுக்கும் சேர்த்து
ஒரு முருங்கை நின்றது, அதுவும் சாய்ந்து.
குழாயடியில் எங்கள் வாளிகள் வரிசையில் நிற்க
பக்கத்துச் சீமெந்துக் கட்டில் நாங்கள்.
கொள்கலன் முற்றத்து விளக்கு
மதிலுக்கு மேலால் கொஞ்சம் மஞ்சளைச் சிந்தும்.
போய் வந்தவள் படிப்பிக்க வேண்டும்,
சேர் இருமியதையும் விடாமல்.
ஒருமுறை நான் ஒரு சமன்பாட்டைத்
தலைகீழாகக் கொண்டுவந்து கொடுத்தேன்.
தவணைப் பரீட்சையில் நாலு பேருக்கும் ஒரே பிழை.
பார்த்தெழுதினீர்களா என்று கேட்டார்கள்.
இல்லை,
நாங்கள் அதைப் படித்தே எழுதினோம்.

விண்ணப்பத்தில் மாவட்டம் என்று ஒரு கட்டம்.
கொழும்பு என்று நிரப்பினோம்.
நீச்சல் தடாகம் உள்ள பள்ளிக்கூடமும் கொழும்பு,
சிலந்தியின் ஆய்வுகூடமும் கொழும்பு.
வெட்டுப்புள்ளி எங்கள் சந்துக்குள்
ஒருநாளும் வந்து பார்த்ததில்லை.

சுலோ தசம் பூச்சியம் மூன்றால் வெளியே நின்றாள்.
பெட்டி மறுபடி எழுதுகிறாள்.
ரிஸ்னா கல்வியியற் கல்லூரிக்கு;
பூட்டுத் திறக்கத்தான் போகிறேன் என்றாள்.
எனக்குக் கிடைத்தது.

தோட்ட வாசலில் பனர் கட்டினார்கள்.
என் படம்.
அதைவிடப் பெரிதாய் மாநகரசபை உறுப்பினரின் படம்.
வலப்பக்கக் கயிற்றை
ஏணியில் ஏறி இழுத்துக் கட்டியவள் சுலோ.
இப்போது புறக்கோட்டையில் புடவைக் கடையொன்றில் பில் போடுகிறாள்.
மூன்று மொழியில் ஏச்சு வாங்குகிறாளாம்,
இரண்டில் திருப்பிக் கொடுக்கிறாளாம்.
கார்டு இன்னும் அவளிடம்தான்.
வீசிவிடு என்றேன்.
"ஏன்? அது என்ரை பேர்" என்றாள்.

கட்டுபெத்தையில் முதல் கிழமை.
பாடம் இங்கிலீஷில், பகிடி சிங்களத்தில்.
இரண்டுக்கும் நான்
கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.
வரவு எடுத்தார்கள்.
"நிலூஷா."
பதிலில்லை.
"நிலூஷா?"
யாரோ வரவில்லையாக்கும் என்று
நானும் திரும்பிப் பார்த்தேன்.